ஆறரை மில்லிமீட்டர்

மெஸோதூரில் நான் பல் செய்கிறவள்.
பிடுங்குவது வேறு ஆட்கள்.
ஊரில் பாதிப் பேர் என் கைவேலையால்தான்
ஆப்பிள் கடிக்கிறார்கள்;
அவர்களுக்கு என் முகம் தெரியாது.

அம்பு செய்யத் தெரியாது எனக்கு.
வில் வகுப்பில் ஆறு பிள்ளைகள், ஆறு சின்ன வில்,
பன்னிரண்டு ராத்தல் இழுவை,
கொழுத்த பூனையைத் தூக்குகிற பலம் போதும்.
அம்புகள் மட்டும் பெரியவர்கள் கழித்துப்போட்டவை.
யாராவது செய்து கொடுத்தால் தேவலை என்றார் பொதோந்த்.
மற்ற எல்லோரும் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டார்கள்.
நான் நிமிர்ந்திருந்தேன்,
அவ்வளவுதான் என் குற்றம்.

இரும்புக்கடையில் பீச் மரக் குச்சி பன்னிரண்டு,
எட்டு மில்லிமீட்டர் கனம்.
மிதித்தாலும் உடையாது என்றான் கடைக்காரன்.
பிள்ளைகளுக்கு என்றால் அதுதானே வேண்டும்?
நுனிக்கு, பல்லச்சு எடுக்கிற
இளஞ்சிவப்புப் பசையை உருட்டி வார்த்தேன்.
பன்னிரண்டும்
ஈறு தெரியச் சிரித்தன.

மூன்று சனிக்கிழமை.
பொரோக்கா விட்டதெல்லாம்
வைக்கோல் கட்டைத் தாண்டி இடப்பக்கம்,
பாப்லர் மரத்தடியில்.
நேராகப் பார் என்றார் பொதோந்த்.
முழங்கையை உயர்த்து என்றார்.
நாலாம் வாரம் சூப்பில் கரண்டியை நிறுத்தி
எனக்குக் கண்ணாடி போடணுமா அம்மா என்று கேட்டாள்.
கண் மருத்துவரிடம் நாள் குறித்தேன்,
அதை ஏன் மறைக்க.

ஸெந்தே இடதுகைக்காரன்.
அவன் அம்புகளும் தவறின,
வலப்பக்கம், வேலியோரம்,
பொரோக்காவின் பிழையை
நிலைக்கண்ணாடியில் பார்த்த மாதிரி.
அன்று அம்பு பொறுக்கப் போனவள்
இரண்டு குவியலுக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.
ஒரே கடைக் குச்சி. ஒரே வைக்கோல்.
இரண்டு பிள்ளைகளுக்கு
எதிரெதிர்ப் பக்கமாகவா கண் கெடும்?

அடுக்களைச் சுவரில் இரண்டு ஆணி.
குச்சியைக் குறுக்கே கிடத்தி
நடுவில் ஒரு கிலோ சர்க்கரையைத் தொங்கவிட்டேன்.
ஒரு விரல் அகலம் தாழ்ந்தது,
அதற்குமேல் மறுத்துவிட்டது.
வில்லின் இடுப்பை வளைந்து கடக்க வேண்டியது
வளையாமல் முட்டி விலகியிருக்கிறது,
வலது கைக்கு இடமாக,
இடது கைக்கு வலமாக.
நான் கொடுத்ததுதான் அந்த முரடு.

துளைப்பானில் பூட்டிச் சுழலவிட்டு
உப்புத்தாளால் இறுக்கினேன்.
ஏழே கால். ஏழு. ஆறே முக்கால்.
மரத்தூள் காப்பியில் மிதந்தது, குடித்தேன்.
ஆறரையில்
சர்க்கரைப் பை மூன்று விரல் இறங்கி நின்றது.
பல்லுக்கு வைத்திருக்கும் தராசில்
ஒவ்வொன்றையும் நிறுத்தேன்; ஓர் அரிசி எடைக்காக
இரண்டைத் திரும்பவும் சுழலவிட்டேன்.

இறகு, அடுத்த வீட்டு எதெல்காவின் வாத்துகளுடையது.
எந்தச் சிறகு வேண்டும் என்றாள் வேலிக்கு அப்பாலிருந்து.
மூன்றும் இடது, இல்லை மூன்றும் வலது,
கலந்தால் அம்புக்குப் பைத்தியம் பிடிக்கும் என்றேன்.
இதைச் சொல்லும் தகுதி
முதல்நாள் இரவு கலந்து ஒட்டிக் கெடுத்ததில் வந்தது.

பதினொன்று தேறின.
பன்னிரண்டாவதை அதிகம் தேய்த்துவிட்டேன்,
சாட்டை மாதிரி ஆடியது.

சனிக்கிழமை காற்றில்லை.
பொரோக்காவின் அம்பு நாணைவிட்டுப் புறப்படும்போது
மீன் உடலை நெளிப்பது போல் நெளிந்தது.
பார்த்தேன்; பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்.
வைக்கோலில் தொப்பென்றது.
பசை நுனி குத்தாது, மோதிக் கீழே விழுந்தது.
ஸெந்தே விட்டான்.
தொப்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
நேரே பொதோந்திடம் போய்
இப்போது என் முழங்கை எங்கே இருந்தது என்று கேட்டாள்.
அவர் கவனித்திருக்கவில்லை.

கண் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள்,
ஏன் வரவில்லை என்று.
பார்வை சரியில்லாதது குச்சிக்கு என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை,
பிறகு, வேறு நாள் வேண்டுமா என்றார்கள்.

பன்னிரண்டாவதைத் தக்காளிக்கு ஊன்றியிருக்கிறேன்.
காய் கனத்துச் செடி சாயும்போதெல்லாம்
அதுவும் கூடவே சாய்கிறது.